இரண்டரை அடி மூழ்கிய வீடு

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் கடலில் நிற்கும் கப்பல்களுக்குக் குழாய் அளவு சொல்ல ஓர் அலுவலகம் இந்த ஊரில் இருக்கிறது என்ற சங்கதி, தேவேந்திரனுக்கு நாற்பத்தொன்பது வயது வரை தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் மனுஷன் நிம்மதியாக இருந்திருப்பார்.

அலுவலகம் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் அதற்குக் கடற்கரை இருந்தது. கரைக்கு வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கலங்கள் கடல்நீரை உறிஞ்சி, இயந்திரங்களைக் குளிர வைத்து, மறுபடியும் கடலிலேயே விடும். மேல்தளத்திலிருந்து கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் அந்தக் குழாய் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வதற்காக 'கடல்சார் கலங்கள் செங்குத்து வடிகால் ஆணையம்' என்று ஒன்றை அமைத்து, மாவட்டத் தலைநகரில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அப்புறம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கடல் செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டது. அலுவலகம் போகவில்லை. அதிகாரிகளின் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார்கள், ஏ.சி.யும் சுவரில் மாட்டியாகிவிட்டது. கேவலம் ஒரு கடலுக்காக அதையெல்லாம் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

கடல் போனாலும் ஆண்டு இலக்கு போகவில்லை. வருடத்துக்கு நாற்பது கலங்களின் குழாயை அளந்தாக வேண்டும். முதல் வருடம் கோயில் தெப்பத்துக்கு நோட்டீஸ் விட்டார்கள். தெப்பத்தில் சாமி இருந்ததே தவிர குழாய் இல்லை. அடுத்த வருடம் தென்னேரி ஏரியில் மீன் பிடிக்கிறவர்களின் பரிசல்களை மடக்கினார்கள். பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அவர்கள் ஓடியே போய்விட்டார்கள். மூன்றாம் வருடம் ஆணையம் ஒரு முடிவுக்கு வந்தது. கலத்தைத் தேடி அலைவதைவிட, 'கலம்' என்ற சொல்லுக்கான விளக்கத்தை மாற்றிவிடுவது சுலபம். 'நீரில் நிற்பதும், நிற்கக்கூடியதும், நிற்க நேரிடுவதும் கலம் எனப்படும்' என்று திருத்தம் வந்தது. ஐப்பசி மழையில் நீரில் நிற்க நேரிடாத வீடு பெரிய காஞ்சிபுரத்தில் எது? ஒரே நாளில் ஊர் முழுக்கக் கப்பலாகிவிட்டது.

இது எதுவும் தெரியாத தேவேந்திரன் தன் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்.

அவர் தறி குழித்தறி. தரையில் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி. அதில் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். அப்போது தறியில் இருந்தது அவருடைய மகள் மகாலட்சுமியின் கல்யாணச் சேலை. மஞ்சள் உடல், அரக்குக் கரை. முப்பது வருடமாக ஊரான் வீட்டுப் பெண்களுக்கு முகூர்த்தச் சேலை நெய்த கை, முதல் தடவையாகத் தன் வீட்டுப் பெண்ணுக்கு நெய்தது. கார்த்திகை பன்னிரண்டு கல்யாணம். அதற்குள் சேலை இறங்கியாக வேண்டும்.

நடுவில் ஐப்பசி இருந்தது. அதுதான் கவலை. மாடியில் விழும் மழை முழுவதும் இறங்குவதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு இரண்டு அங்குலக் குழாய். பெரிய மழை அடித்தால் குழாய் கடகடவென்று விக்கும். மாடியில் தண்ணீர் ஏறும். படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்கி, நேராகத் தறிக்குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். போன வருடம் அப்படித்தான் குழி நிறைந்து, மிதிக்கட்டைகள் மிதந்தன.

ஆனி மாதமே பிளம்பர் லோகேஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டினார். லோகேஸ்வரன் மாடி ஏறிக் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, தண்ணி எறங்கணும்னா காத்து மேல ஏறணும். ரெண்டுத்துக்கும் வழி வேணும். இது ரெண்டு இஞ்சு. தண்ணியும் காத்தும் ஒரே சந்துல எதிர்க்க எதிர்க்க வந்து முட்டிக்கினு நிக்குது. அதான் விக்குது. நாலு இஞ்சு போட்டா தண்ணி செவுத்தோரமா எறங்கிக்கும், காத்து நடுவால போய்க்கும். சத்தமே வராது. காலைல வந்தன்னா டிபனுக்கு முன்னாடி முடிச்சுடுவேன்."

"போட்டுடலாமா?" என்றார் தேவேந்திரன்.

"போட்டுடலாம்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் தெருமுனைக் கம்பத்தில் ஆணையத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. செங்குத்துக் குழாய் போடும் எவரும் முன் அனுமதி பெற வேண்டும் என்று. "இத்தயெல்லாம் யாருண்ணே பாக்கறாங்க, வுடு," என்றான் லோகேஸ்வரன். தெருவில் வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். தேவேந்திரனால் முடியவில்லை.

அதற்குக் காரணம் அவர் செய்த தொழில். கரை வேறு நிறம், உடல் வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் தேவேந்திரன், மறுகரைப் பக்கம் அவர் மனைவி கமலவேணி. குறுக்கிழை ஓட்டும் நாடாவை ஒருவர் விடும் முன் மற்றவரைக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் இழை தப்பும். "விடட்டுமா?" என்பார் இவர். "விடுங்க," என்பாள் அவள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. முப்பது வருடம் இப்படிக் கேட்டுக் கேட்டு, எதையும் கேட்காமல் செய்ய அவருக்கு வரவே வராது. ஓட்டலில் உட்காரும் முன் உட்காரட்டுமா என்று கேட்பார். அப்படிப்பட்டவர் குழாய்க்கு அனுமதி கேட்கப் போனதில் ஆச்சரியம் இல்லை.

மாடியில் அலுவலகம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. காவலாளி அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார். ஒரு குழாய் வைக்கக் கூடாதா என்று தேவேந்திரன் கேட்டதற்கு, "ஆபீசுக்கும் பர்மிசன் வாங்கணும்பா. அப்ளிகேசன் போட்டு ரெண்டு வருசமா பெண்டிங்," என்றார் காவலாளி.

கணினி முன்னால் சிம்ரன் என்ற பெண் இருந்தாள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போகிற ஒப்பந்த ஊழியை. நல்ல பிள்ளை.

"அங்கிள், கலத்தோட பேரு இன்னா?"

"கலமா? வீடும்மா."

"சிஸ்டத்துல வீடு இல்ல அங்கிள். எண்ணெய்க் கப்பல், துளையிடும் கப்பல், சேமிப்புக் கப்பல், இதரம். நான் இதரம் போட்டுடறேன். பேரு?"

வாசல் பலகையில் இருந்த பெயரைச் சொன்னார். 'காமாட்சி இல்லம்' என்ற இதரக் கலம் பதிவாயிற்று. நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தைக் கையில் கொடுத்தாள். விவரம் தெரிந்தவர்கள் எல்லாக் கட்டத்திலும் 'பொருந்தாது' என்று கிறுக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். அது தேவேந்திரனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உண்மையை எழுதினார்.

'கலத்தின் எப்பகுதியேனும் மட்டத்துக்குக் கீழ் அமைந்துள்ளதா? ஆழம் குறிப்பிடுக.' உள்ளது. இரண்டரை அடி.

'அப்பகுதியில் பணியாளர் உண்டா?' உண்டு. நான். எதிரில் என் மனைவி.

'காலால் இயக்கும் கருவிகள்?' நான்கு.

'உருளும் மரங்கள்?' இரண்டு.

'கயிறுகளின் எண்ணிக்கை?' எண்ணியதில்லை.

இருபத்திரண்டு வருட சர்வீசில் இப்படி ஒரு படிவத்தை உதவி இயக்குநர் சீனிவாசன் பார்த்ததே இல்லை. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அன்றைக்கே தேவேந்திரனை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய கடல் படம் ஒன்று மாட்டியிருந்தது.

"இத்தனை வருஷமா ஊர்ல வீடு வீடுன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. நீங்கதான் முதல்ல உண்மையை எழுதியிருக்கீங்க. மட்டத்துக்குக் கீழே இரண்டரை அடி, உள்ள ஆள், மரம், கயிறு, மிதி! இது கலம் இல்லேன்னா வேற எது கலம்?"

"சார், அது தறிங்க. சேல நெய்யறது."

"கப்பல்ல என்ன பண்றாங்கங்கறது எங்க துறைக்குச் சம்பந்தமில்லை. குழாய்தான் எங்க சப்ஜெக்ட்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கடல் எங்களை விட்டுப் போயிடுச்சு. நாங்க கடலை விடல. வேலை இல்லாத ஆபீசை மூடிடணும்னு சில பேர் பேசறாங்க. நான் கேக்கறேன், வேலை இருக்கிற ஆபீஸ்லதானே தப்பு நடக்குது? இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒரு தப்பு நடந்திருக்கா, சொல்லுங்க."

தேவேந்திரன் வந்த காரியத்துக்கு வந்தார். "ஐப்பசிக்குள்ள பர்மிசன் கெடச்சுடுமா சார்? பொண்ணு கல்யாணச் சேல தறியில இருக்குது. தண்ணி வந்தா போச்சு," என்றார்.

"கண்டிப்பா. கலத்தை நேர்ல ஆய்வு பண்ணணும். அவ்வளவுதான்."

ஆவணி மாதம் ஆய்வுக்கு வந்தவர் பொறியாளர் ராமராஜன். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். கலத்தில் ஏறுகிறவர்கள் அதைப் போடாமல் ஏறக் கூடாது என்பது விதி. தறி அறைக்குள் அதோடு நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். கமலவேணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ராமராஜன் கெட்டவர் இல்லை. வேலையில் சுத்தம். அளவு நாடாவை எடுத்துக் குழியை அளந்தார், மாடியை அளந்தார், குழாயை அளந்தார். பிறகு வாசலில் நின்று தெருவைப் பார்த்தார்.

"இங்க அலை உயரம் எவ்வளவு?"

"அலையா?"

"மழைக்காலத்துல தெருவுல தண்ணி நின்னா, வண்டி போகும்போது ஒதுங்கி அடிக்குமில்ல?"

"தண்ணி லாரி போனா வாசப்படி வரைக்கும் அடிக்கும் சார்."

'அலை உயரம் ஆறு அங்குலம். காரணம், தண்ணீர் லாரி' என்று எழுதிக்கொண்டார். பின்பு சுவரைத் தட்டிக் காட்டி, "இதுல வெள்ளை பெயின்ட்ல ஒரு நீர்மட்டக் கோடு போடணும். கலம் எவ்வளவு அமிழ்ந்திருக்குன்னு வெளியிலேர்ந்து பார்த்தா தெரியணும். அடுத்த தடவை வர்றப்போ அதை அளப்பேன்," என்றார்.

"போடறேன் சார். பைப்பு?"

"அது நிபுணர் குழு முடிவு பண்ணும்."

அன்று சாயங்காலம் ஒரகடம் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த மகாலட்சுமியிடம் கமலவேணி இதையெல்லாம் நடித்துக் காட்டினாள். மகாலட்சுமி சிரிக்கவில்லை. "எப்பா, நாளைக்கே லோகு அண்ணன இட்டுக்கினு வந்து பைப்ப மாத்திடு. இவங்க கிட்ட கேட்டுக்கினே இருந்தன்னா என் கல்யாணம் கப்பல்லதான் நடக்கும்," என்றாள்.

"கேட்டாச்சேம்மா. கேட்டுட்டு பதில் வராம எப்பிடி செய்யறது?"

புரட்டாசியில் நிபுணர் குழு கூடியது. சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். தேவேந்திரனுக்கும் ஒரு நாற்காலியும் முந்திரி பிஸ்கட்டும் கிடைத்தன. திரையில் கப்பல்கள் வந்தன, வளைகோடுகள் வந்தன. முதல் நிபுணர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். செங்குத்துக் குழாயில் நீர் சுவரை ஒட்டி இறங்குகிறது என்றும், நடுவில் காற்றுக்கு இடம் வேண்டும் என்றும், இடம் போதாவிட்டால் காற்று நீரை மறித்துக் குழாய் விக்குகிறது என்றும், மேல்தளத்தில் மட்டம் உயர்கிறது என்றும், இதைத் தாம் நார்வேயில் நேரில் கண்டிருப்பதாகவும் சொன்னார். கடைசியில் சிவப்பு விளக்கால் ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டினார்.

"ஆக, இந்தக் கலத்துக்கு உகந்த விட்டம் நான்கு அங்குலம்."

தேவேந்திரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டார். "சார், இத்ததான் லோகேஸ்வரனும் சொன்னான். நாளைக்கே போட்டுடறேன்."

"உக்காருங்க. அது விட்டம்தான்," என்றார் இரண்டாம் நிபுணர். "நீளம் இன்னும் வரல."

விதி முப்பத்தேழின்படி குழாயின் கீழ்முனை கடல்மட்டத்துக்கு மூன்று மீட்டராவது கீழே இருக்க வேண்டுமாம். மேலே இருந்தால் நீர் விழும் வேகத்தில் நுரை கிளம்பிக் கடல்வாழ் உயிரினங்கள் திடுக்கிடும். காஞ்சிபுரமோ கடல்மட்டத்துக்கு எண்பத்து மூன்று மீட்டர் உயரம். ஆக, காமாட்சி இல்லத்தின் குழாய் தெருவோடு நிற்காமல் பூமிக்குள் எண்பத்தாறு மீட்டர் இறங்க வேண்டும்.

"சார், எங்க ஊட்டு கெணறே அறுபது அடிதான் சார்!"

"அப்போ விலக்கு கேட்டு விண்ணப்பிங்க," என்றார் சீனிவாசன். "விலக்குக் குழு தை மாசம் கூடும்."

"மழ ஐப்பசியில வரும் சார். கல்யாணம் கார்த்திகையில. தை மாசம் எனக்கு எதுக்கு சார்?"

"மழை எங்க அட்டவணையைக் கேட்டுட்டு வந்தா, நாங்க மழையோட அட்டவணையைக் கேப்போம்." குழுவினர் சிரித்தார்கள். சீனிவாசனும் தன் பேச்சில் தானே மகிழ்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டார். "இன்னொரு விஷயம். இப்ப உங்க கலத்துல இருக்கிற இரண்டு அங்குலக் குழாய் அனுமதி இல்லாதது. நீங்க விண்ணப்பிக்காம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்ச பிறகு சும்மா இருக்க முடியாது பாருங்க. விலக்கு கிடைக்கிற வரைக்கும் அதுக்கு முத்திரை வைக்கணும்."

மறுநாள் ராமராஜன் வந்து மாடியில் குழாயின் வாயைக் கான்வாஸ் துணியால் இறுக்கிக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை குத்தினார். உடைத்தால் ஆறு மாதம் உள்ளே என்று அச்சடித்த காகிதத்தையும் பக்கத்தில் ஒட்டினார். வெயில் சுள்ளென்று அடித்தது. கமலவேணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, எல்லாம் சட்டப்படிதான் நடக்குது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அப்பன் ஜெயிலுக்குப் போக முடியுமா? தேவேந்திரன் நெய்தார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை விடட்டுமா, விடுங்க, விடட்டுமா, விடுங்க. உடல் முடிந்தது, முந்தி முடிந்தது. ஐப்பசி பத்தொன்பது அன்று ரவிக்கைத் துணிக்கான ஒரு முழம் மட்டும் பாக்கி.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. மகாலட்சுமி வேலைக்குப் போயிருந்தாள். அரை மணியில் மாடியில் முழங்கால் தண்ணீர். தேவேந்திரன் ஒரு கையில் கத்தியோடு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, முத்திரைக்கு முன்னால் நின்றார். கத்தியை வைத்தார், எடுத்தார். பிறகு அவருக்கே உரிய காரியத்தைச் செய்தார். படியிறங்கி வந்து, முத்திரையை உடைக்கலாமா என்று கேட்க ஆணையத்துக்குப் போன் போட்டார்.

"வணக்கம். கடல்சார் கலங்கள் செங்குத்து வடிகால் ஆணையம் உங்களை அன்புடன் வரவேற்கிறது. புதிய கலத்தைப் பதிவு செய்ய எண் ஒன்றை அழுத்தவும். கலம் மூழ்கிக்கொண்டிருந்தால் எண் ஒன்பதை அழுத்தவும்."

ஒன்பதை அழுத்தினார். வீணை வாசித்தார்கள். வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று கமலவேணி தறி அறையிலிருந்து கத்தினாள். "படியில தண்ணி எறங்குதுங்க!"

"கேட்டுக்கினு இருக்கறன். இரு."

"இத்தயெல்லாமா கேப்பாங்க!"

அவள் அவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அறுத்தாள். அரக்கு துண்டு துண்டாகத் தெறித்தது. ஆனால் அது அதே இரண்டு அங்குலக் குழாய்தானே. கடகடவென்று விக்கியது. மூன்று வாரத்து மழையாகப் பெய்ய வேண்டியதை வானம் ஒரே மூச்சில் பெய்துகொண்டிருந்தது. படிக்கட்டில் தண்ணீர் குதித்துக் குதித்து வந்து குழியை நிரப்பி, தரைக்கு மேல் ஏறியது. இருவரும் பாவு இழைகளை அறுத்துச் சேலைச் சுருளைத் தறியிலிருந்து தூக்கினார்கள். தூக்குகிற அவசரத்தில் தேவேந்திரனின் கால் வழுக்கிக் குழிக்குள் போயிற்று. சுருளின் ஒரு முனை தண்ணீரில் அமிழ்ந்தது. ஒரு நிமிஷம் இருக்குமோ, என்னவோ. காதில் இடுக்கியிருந்த போனில் வீணை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் விரித்துப் பார்த்தார்கள். அரக்குக் கரையின் சாயம் மஞ்சளில் இறங்கி, கரைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் அலையலையாக ஒரு கோடு சேலை நெடுகிலும் ஓடியது. கடைசியாக நெய்து, இன்னும் சுருளில் சேராத முந்தியை மட்டும் தொடவில்லை. கமலவேணி தறிக்குழித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வெளியே கொட்டினாள். திட்டியிருந்தால் தேவலை. நான் கேட்காமல் இருந்திருந்தால், அந்த முத்திரையை அப்போதே அறுத்திருந்தால் என்று தேவேந்திரன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மகாலட்சுமி வந்து சேலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "உடுப்பா. செருகிக்கினா தெரியாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

மூன்று நாள் கழித்து ராமராஜன் வந்தார், அதே மிதவைச் சட்டையோடு. சேலை கூடத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"நீர்மட்டக் கோடு போட்டுட்டீங்களா?"

தேவேந்திரன் கொடியைக் காட்டினார். "அதோ சார். போட்டாச்சு. அது வரைக்கும்தான் வந்துது."

ராமராஜன் பக்கத்தில் போய்ப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, சேலையின் ஓரத்தில் ஒரு முனையை வைத்து, "அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க," என்றார். கமலவேணி அசையவில்லை. அவரே ஒரு மாதிரி பிடித்துக்கொண்டு அளந்தார். "ரொம்பத் தெளிவா இருக்கு. பெயின்டைவிட இது துல்லியம்," என்று எழுதிக்கொண்டார்.

முப்பது வருடத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாத தேவேந்திரனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "எழுது சார். நல்லா எழுது. கலம் மூழ்கிப் போச்சுன்னு எழுது. ரெண்டர அடி இல்ல, முழுசா மூழ்கிப் போச்சு. உங்க ஒம்போதாம் நம்பர அமுக்கினேன், வீண வாசிச்சீங்க. வாசிச்சு முடிக்கறதுக்குள்ள மூழ்கிட்டோம். எழுதிக்க!"

ராமராஜன் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை நிறுத்தி யோசித்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விதி அறுபத்தொன்று. மூழ்கிய கலம் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அதன் குழாய் குறித்து ஆணையத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அவர் கண்கள் மின்னின. "சார், இது நல்ல யோசனை. மூழ்கினதையும் முடிச்ச கேஸாத்தான் கணக்கு வைப்பாங்க. இந்த வருஷத்துக்கு ஒண்ணாவது முடிஞ்ச மாதிரி ஆச்சு," என்று கையைக் குலுக்கிவிட்டு, 'கலம் மூழ்கியது. ஆட்கள் மூவர். மீட்கப்பட்டோர் விவரம் இல்லை' என்று அவர்கள் முன்னாலேயே எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை லோகேஸ்வரன் நாலு அங்குலக் குழாயோடு வந்து, டிபனுக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டான். எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. இல்லாத கலத்தை யார் வந்து பார்ப்பார்கள்?

கார்த்திகை பன்னிரண்டு. மகாலட்சுமி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கறைப் பக்கத்தை மேலே வைத்து, கொசுவத்துக்குள் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். ரவிக்கை கடையில் வாங்கியது. நிறம் ஒரு மாற்றுக் குறைவு. வந்தவர்கள் எல்லாம் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தேவேந்திரன் கையே கை என்றார்கள். தேவேந்திரனுக்குப் பெண்ணின் முகம் தெரியவில்லை. மணையில் உட்கார்ந்திருந்தவளின் இடுப்பு மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகூர்த்தத்துக்குக் கால் மணி இருக்கும்போது ராமராஜன் மண்டபத்துக்குள் வந்தார். கையில் ஒரு கோப்பு. தேவேந்திரனை ஓரமாக அழைத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கணும். கேஸ் முடியப்போகுது. ஒரே ஒரு சின்ன விஷயம். கலம் மூழ்கினதுல நீங்க மூணு பேரும் காணாம போயிட்டதா பதிவாயிருக்கு. காணாம போனவர் அதை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் கோப்பை மூட முடியும்னு சீனிவாசன் சார் சொல்றார். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

பேனாவை நீட்டினார். தேவேந்திரனின் கை பழக்கத்தில் பேனா பக்கம் போயிற்று. நீட்டியதை வாங்குவதும், காட்டிய இடத்தில் போடுவதுமாக வாழ்ந்த கை. மணமேடையிலிருந்து கமலவேணி, "இன்னாங்க அங்க? தாலி கட்டற நேரம், வாங்க!" என்று கூப்பிட்டாள். நாதஸ்வரக்காரர் வாயில் சீவாளியை வைத்துவிட்டார்.

தேவேந்திரன் கையை இழுத்துக்கொண்டார்.

"காணாம போனவன் எப்பிடி சார் கையெழுத்து போடுவான்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் மேடையை நோக்கி நடந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ராமராஜன் திறந்த பேனாவோடு அங்கேயே நின்றார். விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. தலைக்கு மேல் அட்சதை விழுந்தபோதும் அவர் புரட்டிக்கொண்டுதான் இருந்தார்.